பத்மு தீவுக்குப் போய்வந்த றெஜினா அக்கா

செவ்வாய்க்கிழமை பின்னேரம், பேர்ண் நகர மருத்துவமனைச் சமையலறையில் நான் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, மேல்மாடித் தாதி இறங்கி வந்து சொன்னார்: றெஜினா அக்கா விடியற்காலையில் காலமாகிவிட்டார்.

மன்னாரிலிருந்து வந்த அவர் 1992இல் எங்கள் சமையலறையில் சேர்ந்தார். பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் ஒரு முனையில் அவர், மறுமுனையில் நான். அதிகம் படிக்காதவர், எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். ஆனால் அவர் வாய் திறந்தால் சமையலறையே சிரிக்கும். எனக்கு அது வராது. செபக்கூட்டத்தில் வேதம் வாசிப்பது மட்டுமே எனக்கென்று இருந்த இடம். வேதத்தின் கடைசிப் புத்தகத்தை எழுதிய யோவான் நாடுகடத்தப்பட்டு, ஒரு குகையில் காட்சி கண்ட பத்மு, கிரேக்க நாட்டில் இன்றும் இருக்கும் ஒரு சின்னத் தீவு என்று அவருக்குச் சொன்னதே நான்தான்.

இரண்டு வருடங்களின் பின் எங்கள் கோயில் பங்கிலிருந்து அத்தீவுக்கு யாத்திரை போனார்கள். தமிழருக்கு ஓர் இடம் கிடைத்தது. என்னிடம் இருந்தது அகதிகளுக்குக் கொடுக்கும் தற்காலிக எஃப் அனுமதி. நாட்டைவிட்டு வெளியேற முடியாது. அக்காவுக்குப் பயணம் போகக்கூடிய பி அனுமதி கிடைத்திருந்தது. அவர் போனார்.

திரும்பி வந்தவர் ஒவ்வொரு இடைவேளையிலும் அதையே கதைத்தார். "குகைச் சுவரிலை கையை வைச்சுப் பாத்தனடி. குளிர்ந்துபோய்க் கிடக்கு."

"எனக்கு வேலை கிடக்கு அக்கா" என்று எழுந்துவிடுவேன். அவருடைய முகத்தைப் பார்த்தாலே எனக்கு எரிந்தது. பின்னேர வேலையைக் கேட்டு வாங்கினேன். மூன்று வருடங்கள், கண்டால் ஒரு தலையசைப்பு மட்டுமே.

சென்ற மாதம் அவர் நோயாளியாக அதே மருத்துவமனைக்கு வந்தார். சாப்பாட்டை நானே கொண்டுபோனேன்.

"இப்பவாவது இரு. குகைக்குள்ளை பங்குச் சுவாமி என்னை வேதத்தைத் தமிழிலை வாசிக்கச் சொன்னவர். எனக்கு ஒரு எழுத்தும் ஓடேல்லை. எல்லாரும் பாத்துக்கொண்டு நிண்டவை. அழுதிட்டன். நீயெண்டால் வாசிச்சிருப்பாய்."

"ஏன் அக்கா அப்பவே சொல்லேல்லை?"

"நீ இருந்தால்தானே சொல்லுறதுக்கு."

உண்மையை எழுதுகிறேன்: அதைக் கேட்டதும் எனக்கு முதலில் மகிழ்ச்சிதான் வந்தது. வெட்கம் பிறகுதான்.

"சரி, இப்ப எனக்கு வாசி" என்றார். பத்மு வரும் அந்தப் பகுதியை வாசித்தேன். கண்ணை மூடிக் கேட்டார்.

வியாழக்கிழமை அடக்கத்தின்போது அவருடைய தம்பி ஒரு படத்தைக் காட்டினார். துறைமுகத்துக்கு மேலே குன்றில், இடிந்துகிடக்கும் பண்டைய கோட்டை மதில். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, சேலை காற்றில் பறக்க, அதன்மேல் அக்கா சிரித்துக்கொண்டு நிற்கிறார். பின்னால் கடல்.

நெடுநேரம் பார்த்தேன். என் பொறாமை தீரவில்லை, அக்கா; உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? நீங்கள் அங்கே நின்றீர்கள், நான் நிற்கவில்லை. போய்வாருங்கள்.