மாடு பிடிக்கும் முன் பிபி

என் கணவர் ஜல்லிக்கட்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்து சொன்ன அன்று, நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். கரண்டியைப் போட்டுவிட்டு, "ஒங்களுக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா?" என்று கேட்டேன். மளிகைக்கடை வைத்திருக்கிற மனுசன். கல்லூரி நாளில் ஒரே ஒரு தடவை ஒரு காளையின் திமிலைத் தொட்டிருக்கிறார். அந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

"இந்த ஒரு வருசந்தான். அப்பறம் ஆசைப்பட்டாலும் ஒடம்பு கேக்காது" என்றார்.

சண்டை போட்டேன், பேசாமல் இருந்தேன், அழுதும் பார்த்தேன். ஒன்றும் எடுபடவில்லை. மிச்சமிருந்த ஒரே நம்பிக்கை மருத்துவப் பரிசோதனைதான். களத்தில் இறங்குகிறவர்களுக்கு எடை, நாடித்துடிப்பு, பிபி எல்லாம் பார்ப்பார்கள். தேறினால்தான் பனியன் கொடுத்து உள்ளே விடுவார்கள்.

ஜல்லிக்கட்டு நடந்தது இலுப்பூருக்குப் பக்கத்து ஊரில். விடியும்போதே போய்விட்டோம். நான் கேலரியில் இடம் பிடித்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில், முகம் தொங்கிப்போய்த் திரும்பி வந்தார்.

"பிபி கூடுதலா இருக்காம். கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வரச் சொல்றாரு டாக்டரு. அப்பவும் கூட இருந்தா வீட்டுக்குப் போக வேண்டியதுதானாம்."

அப்பாடா! மனசுக்குள் குலவையே போட்டேன்.

ஆனால் நான் பள்ளியில் உயிரியல் டீச்சர். அவர் நடந்ததைச் சொல்லச் சொல்ல எனக்குக் காரணம் தெரிந்துபோனது. வரிசைக்கு வருமுன் காளைகள் நிற்கிற பக்கம் போய் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்திருக்கிறார். பயமோ பரபரப்போ வந்தால் போதும், சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கிற அட்ரினல் சுரப்பி அட்ரினலினை ரத்தத்தில் கொட்டிவிடும். இதயம் தடதடக்கும், பிபி ஏறும். போதாததற்கு, மோர் குடித்தால் பிபி இறங்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, உப்பு போட்ட மோரைச் சொம்பு சொம்பாகக் குடித்திருக்கிறார். குடித்துவிட்டு, வரிசையில் இடம் போய்விடும் என்று ஒண்ணுக்கை அடக்கிக்கொண்டு நின்றிருக்கிறார். அடக்கினாலும் பிபி ஏறும்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், மனுசன் முழுசாக வீடு திரும்பிவிடுவார். அவர் முகத்தைப் பார்த்தேன். பரீட்சை ஹாலுக்கு வெளியே நிறுத்தி வைத்த பிள்ளை மாதிரி நின்றார். சே, மனசு கேட்கவில்லை.

"மொதல்ல ஒண்ணுக்குப் போயிட்டு வாங்க. அப்பறம் அங்கிட்டு மாட்டுப் பக்கம் திரும்பாம, இங்கிட்டு நெழல்ல உக்காருங்க. மூச்ச மெதுவா விடுங்க. யாரோடயும் பேசாதீங்க, பேசினாலும் ஏறும்."

தேறிவிட்டார். பனியனை மாட்டிக்கொண்டு எனக்குக் கையாட்டிவிட்டு உள்ளே போனார்.

வாடிவாசலிலிருந்து ஒரு கறுப்புக் காளை பாய்ந்து வந்தது. ஆளோடு ஆளாக இவரும் தாவினார். திமிலைப் பிடித்தார், ஒரு சுற்றுச் சுற்றினார், பிடி நழுவி, களத்தில் பரப்பியிருந்த தென்னை நாரில் குப்புற விழுந்தார். காளை திரும்பியது. அடப்பாவி, எழுந்திரிக்காதே, படுத்தே கிட! எனக்கு வாய் வறண்டது, உள்ளங்கை வேர்த்தது, நெஞ்சு காதுக்குள் அடித்தது. போர்டில் நான் எழுதிப்போடுகிற அறிகுறிகளில் ஒன்றுகூட பாக்கியில்லை. காளை என்ன நினைத்ததோ, அவரைத் தாண்டிக் குதித்து ஓடியே போய்விட்டது.

முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். மருத்துவப் பந்தலுக்கு ஓடினேன். என்னிடம் பிளஸ் டூ படித்த பெண்தான் அங்கே நர்ஸ். அவருக்கு மருந்து போட்டுக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"என்ன டீச்சர், இப்புடி வேர்த்துக் கொட்டுது? உக்காருங்க, கைய நீட்டுங்க."

பட்டையைச் சுற்றிக் காற்றடித்தாள். காலையில் அவரை நிறுத்திவைத்த அளவையும் தாண்டிவிட்டது எனக்கு.

"சார், மாடு புடிச்சது நீங்களா, டீச்சரா?"

அதுவரை திமிலைத் தொட்ட கதையைப் பந்தலில் எல்லோருக்கும் அளந்துகொண்டிருந்தவர், மிஷினை எட்டிப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"இம்புட்டுப் பயத்த வச்சுக்கிட்டா எனக்கு வழி சொல்லிக் குடுத்தே?"

"பின்ன? நீங்க அப்புடி நின்னா நான்..." என்று ஆரம்பித்தேன்.

பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பேசாத. பேசினா ஏறும்" என்றார்.