மயிலுக்குக் கட்டிய காதுகுத்து டிவிடி

பிள்ளைகளே, இந்தத் தப்பை உங்களிடம் மறைக்க எனக்கு மனமில்லை.

வடகரை வயலில் நாற்றங்காலுக்கு விதை தெளித்திருந்தேன். மயில்கள் வந்து கொத்தின. பளபளவென்று ஆடுகிற எதையும் பார்த்தால் அவை ஒதுங்கும் என்பார்கள். வீட்டில் பிளேயர் பழுதாகி ரொம்ப நாளாகிறது, இனி இவை எதற்கு என்று பீரோவில் கிடந்த டிவிடிகளை அள்ளிக்கொண்டு போய்க் கயிற்றில் கோத்துக் கட்டிவிட்டேன்.

பத்து நாள் கழித்து உங்கள் அம்மா கேட்டாள், “பெரியவ காதுகுத்து டிவிடி எங்கன?”

சொன்னேன்.

“எங்க அப்பாவ வயக்காட்டுல கட்டித் தொங்க விட்டுட்டியளாக்கும்!”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இறந்துபோன உங்கள் தாத்தா பேசிச் சிரித்து நடமாடுகிற ஒரே படம் அதுதான். வேறு பிரதி கிடையாது.

ஓடிப்போய் அவிழ்த்து, தென்காசியில் கம்ப்யூட்டர் கடைக்குக் கொண்டு போனேன். கடைக்காரர் அதைச் சாய்த்துப் பார்த்தார்.

“அண்ணாச்சி, மயிலு பொழச்சிக்கிட்டு, இதுதான் செத்துப்போச்சி போலுக்கே.”

“விளையாடாதிய தம்பி. வீட்டுக்குள்ள போவ முடியாது.”

அவர் சிரித்துக்கொண்டே, கீறல் விழுந்த டிவிடியிலிருந்து படத்தை மீட்கிற மூன்று மென்பொருள்களின் பெயரை எழுதிக் கொடுத்தார். வீட்டில் பழைய லேப்டாப்பில் ஒவ்வொன்றாகப் போட்டேன். முதலாவது, கீறல் வந்த இடத்திலேயே நின்றுவிட்டது. இரண்டாவது, காசு கட்டாததால் தாத்தாவின் முகத்துக்கு மேலேயே தன் பெயரை அச்சடித்தது, உடனே நிறுத்தினேன். மூன்றாவது இலவசம்தான், ஆனால் மெதுவானது. பரீட்சையில் தெரியாத கேள்வியை விட்டுவிட்டு மேலே எழுதி, கடைசியில் திரும்பி வருவீர்களே, அதே மாதிரி கீறலைத் தாண்டிப் போய்ப் பிறகு வந்து மறுபடி வாசித்தது. அதையே வைத்துக்கொண்டேன். ஒரு பகல் முழுக்க ஓடியது.

பந்தி நடக்கும் இடத்தில் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. ஆனால் பெரியவளே, நீ ஆசாரி கையைக் கடிப்பதும், தாத்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பதும் முழுசாக வந்துவிட்டன. உங்கள் அம்மா அந்த இடத்தை நாலு தடவை ஓட்டச் சொன்னாள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

கடைக்காரரிடம் போனில் சொன்னேன். “சாரல் நேரமாப் போச்சி, அண்ணாச்சி. வெயில்ல கெடந்திருந்தா மொத்தமா அழிஞ்சிருக்கும்” என்றார்.

மறுநாள் நீங்கள் எல்லோரும் குற்றாலத்துக்குக் குளிக்கப் போன பிறகு, இரண்டு பென்டிரைவில் அதை ஏற்றினேன். இரண்டையும் தனித்தனியாக ஓடவிட்டு, எழுந்திருக்காமல் கடைசிவரை பார்த்தேன்.