கேட்டிலிருந்து வந்த குரல்

பிறர் குரல் எனக்குச் சட்டென்று ஒட்டிக்கொள்ளும். பள்ளியில் தலைமையாசிரியரைப் போலப் பேசி முட்டி போட்டிருக்கிறேன். கல்லூரியில் அதே வேலைக்குக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். மேடையில் இதைப் பலகுரல் என்று மரியாதையாகச் சொல்வார்கள். ஈஜிபுராவில் ஒற்றை அறை வாடகை வீட்டில் இருந்த காலத்தில் அம்மா இதற்கு வைத்திருந்த பெயர் கொரங்கு சேட்டை. அந்தச் சேட்டையால்தான், அம்மா தரையில் விழுந்து கிடந்த ஒரு நாளில், உதவிக்குக் கூப்பிட்ட மனிதரை நான் சிரித்தே அனுப்பிவைத்தேன். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

இப்போது நாங்கள் இருப்பது வைட்ஃபீல்டில் ஏழு மாடிக் குடியிருப்பு ஒன்றில். கேட்டில் பகல் முழுக்க இருப்பவர் மணிப்பூர்க்காரர். நாற்பதைத் தாண்டியவர், ஒல்லி, சீருடையை அவரே இஸ்திரி போட்டுக்கொள்வார். யார் வந்தாலும் அந்த வீட்டுக்கு இன்டர்காமில் கூப்பிட்டுக் கேட்ட பிறகுதான் உள்ளே விட வேண்டும் என்பது இங்கே சட்டம். "சார், டெலிவரி வந்திருக்கு சார், அனுப்பவா சார்?" என்று ஒரு நாளைக்கு எத்தனை முறை கேட்பாரோ, அவருக்கே தெரியாது. இந்தியோடு வந்தவர், தண்ணீர் லாரி ஓட்டுநர்களிடம் கன்னடமும், சந்தாபுராவிலிருந்து வேலைக்கு வரும் பெண்களிடம் தமிழும் பொறுக்கிக்கொண்டார். அந்த வாக்கியத்தை அவர் எப்படி உச்சரிப்பார் என்று இங்கே எழுதிக் காட்ட மாட்டேன். எழுதினால் நீங்கள் சிரித்துவிடுவீர்கள். எனக்கு அது அவ்வளவு நன்றாக எழுத வரும்.

போன நவம்பரில் கன்னட மாநிலம் பிறந்த நாளான ராஜ்யோத்சவத்துக்கு வளாகத்தில் கொடியேற்றி, பிசிபேளே பாத் போட்டு, பிள்ளைகளை ஆடவிட்டார்கள். கடைசியில் என்னை மேடையேற்றினார்கள். நான் கேட்காரரைப் போலச் செய்துகாட்டினேன். எட்டு நிமிடம். அவர் இன்டர்காமில் கூப்பிடுகிறார், மாடியில் ஒரு மாமி எடுக்கிறார், ஒருவர் சொல்வது மற்றவருக்குப் புரியவில்லை. அவ்வளவுதான் கதை. நடுவில் இரண்டு விரலால் கண்களை ஓரத்துக்கு இழுத்துக்கொண்டேன். வீட்டில் ஒத்திகை பார்த்தபோது அது இல்லை, கூட்டம் சிரித்த சூட்டில் விரல் தானாகப் போனது. அந்த இடத்தில்தான் சிரிப்பு கூரையைப் பிய்த்தது. முன்வரிசையில் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். பின்னால் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த அவரை எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவரும் சிரித்தார். அவரே சிரித்துவிட்டாரே, இதற்குமேல் யாரைக் கேட்க வேண்டும் என்று நிம்மதியாக இறங்கி வந்து சாப்பிட்டேன்.

யாரோ எடுத்த வீடியோ குடியிருப்பின் வாட்ஸப் குழுவுக்குப் போனது. ஒரு வாரத்தில் அந்தக் குரல் கட்டடம் முழுக்கப் பரவிவிட்டது. லிஃப்ட் கதவு திறப்பதற்கு முன்பே உள்ளிருந்து அது கேட்கும், திறந்தால் நான்காவது படிக்கும் பிள்ளைகள் இரண்டு பேர் நிற்பார்கள். மூன்றாம் மாடி டாக்டரம்மா மீன்காரரோடு போனில் பேரம் பேசும்போது அது வந்தது. மாடிப்படியில் ஏறினால் மேலே எங்கிருந்தோ அது, அடித்தளத்தில் காரை நிறுத்தினால் தூணுக்குப் பின்னாலிருந்து அது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய்.

ஒரு ஞாயிறு காலை பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். கீழே கேட் நன்றாகத் தெரியும். தண்ணீர் லாரிக்காக அவர் இரும்புக் கதவை இரண்டு கைகளாலும் தள்ளிக்கொண்டிருந்தார். அப்போது உள்ளே இன்டர்காம் அடித்தது. எடுத்தேன். "சார், சிறுத்தை வந்திருக்கு சார், அனுப்பவா சார்?" என்றது அவர் குரல். ஒயரை இழுத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தேன். அவர் இன்னும் கதவைத் தள்ளிக்கொண்டுதான் இருந்தார். கையில் எதுவும் இல்லை, வாய் மூடியிருந்தது. என் காதில் அவர் மறுபடி கேட்டார், அனுப்பவா சார் என்று.

பத்துப் பன்னிரண்டு நொடிதான் இருக்கும். வெயிலில் நின்றும் எனக்கு உடம்பு குளிர்ந்தது. பிறகு போனில் ஐந்தாம் மாடிக்காரர் வெடித்துச் சிரித்தார். என் ரசிகர், என்னிடமே பரீட்சை எழுதிப் பார்க்கிறாராம். நானும் சிரித்தேன். ஆனால் போனை வைத்த பிறகு வெகுநேரம் கேட்டைப் பார்க்கவில்லை. ஈரத்துணி வாளியிலேயே கிடந்தது.

அதன்பின் இது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. கார் எரிகிறது என்று ஒருநாள், உங்கள் மனைவி வேறு வீட்டுக்குக் குடிபோய்விட்டார் என்று ஒருநாள். நானும் அதே குரலில் பதில் சொல்லி வைப்பேன். இதற்கிடையில் நிஜமான கேட்காரர் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்ததை நான் கவனித்தேன். கவனித்தேன், அவ்வளவுதான். முதலில் 'சார்' குறைந்தது. பிறகு 'டெலிவரி' என்ற ஒரே சொல். பிறகு அதுவும் இல்லை. இன்டர்காம் அடிக்கும், எடுத்தால் கேட்டின் ஓசை கேட்கும், பக்கத்தில் யாரோ மூச்சு விடுவது கேட்கும். நாமே 'சரி, அனுப்புங்க' என்று சொன்னால் துண்டிக்கப்படும். செக்யூரிட்டி ஒழுங்காகப் பேசுவதில்லை என்று குழுவில் புகார் எழுதினார்கள். அதற்கும் நான்கு பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள்.

அம்மா விழுந்தது ஒரு புதன்கிழமை, காலை பதினொன்றரைக்கு. நான் வீட்டிலிருந்து வேலை பார்த்தேன், மனைவி அலுவலகம் போயிருந்தாள். அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. மாத்திரையைப் போட்டுவிட்டு, சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு, ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் நடக்கப் போனாள். அந்த நேரத்தில் அங்கே ஒரு ஈ காக்கா இருக்காது.

இன்டர்காம் அடித்தது. "சார், அம்மா விழுந்துட்டாங்க சார். ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னாடி. கீழ வாங்க சார்." பல வாரங்களுக்குப் பிறகு அவர் முழு வாக்கியம் பேசுகிறார் என்பது எனக்கு உறைக்கவில்லை. மடிக்கணினியில் மீட்டிங் ஓடிக்கொண்டிருந்தது. "சார் வரமாட்டாரு சார், சார் மீட்டிங்ல இருக்காரு சார்" என்று அவர் குரலிலேயே சொன்னேன். வைத்துவிட்டேன்.

மறுபடி அடித்தது. அதே செய்தி, இன்னும் நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக. நடுவில் மூச்சிரைத்தது. ஐந்தாம் மாடிக்காரர் இந்த வித்தையில் எங்கேயோ போய்விட்டாரே என்று நினைத்தேன். அந்த மூச்சிரைப்பு எனக்கே இதுவரை வந்ததில்லை. பொறாமையாகக்கூட இருந்தது. "சூப்பர். இன்னொரு தடவ சொல்லு" என்றேன்.

அவர் இன்னொரு தடவை சொன்னார். அம்மா விழுந்துட்டாங்க சார், கீழ வாங்க சார் என்று, நான் சொன்னபடி, முதலிலிருந்து கடைசிவரை சொன்னார்.

நான் சிரித்துக்கொண்டே வைத்தேன். மூன்றாம் முறை அடித்தபோது ஒயரைப் பிடுங்கிவிட்டேன்.

சிறிது நேரத்தில் கதவை யாரோ இரண்டு கையாலும் தட்டினார்கள். வளாகம் பெருக்கும் அம்மா நின்றுகொண்டிருந்தார். "இன்னா சார், போன் எடுக்க மாட்டீங்களா? உங்கம்மாவ முதுவுல போட்டுக்கினு அவரு ஆட்டோல பூட்டாரு. பெரிய ரோட்டு ஆஸ்பத்திரிக்கு. ஓடுங்க சார்."

நான் போய்ச் சேர்ந்தபோது சர்க்கரை அடியோடு இறங்கிப்போன அம்மாவுக்கு ஊசி வழியே குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. நெற்றியில் நான்கு தையல். இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். வெளியே நடையில் கேட்காரர் அம்மாவின் செருப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இஸ்திரி போட்ட தோள்பட்டையில் அம்மாவின் ரத்தம் காய்ந்திருந்தது. என்னைக் கண்டதும் வழக்கம்போல சல்யூட் வைத்தார்.

"மேல போன் எடுத்தது யாரு சார்?" என்று கேட்டார்.

நான் செருப்புகளை வாங்கக் கை நீட்டினேன்.

"என்ன மாதிரியே பேசுச்சு சார். நான் கீழ நிக்கிறேன், மேலயும் நான் பேசுறேன். பயந்துட்டேன்." செருப்புகளை என் கையில் கொடுத்தார். "டூட்டி இருக்கு சார்" என்று கிளம்பிவிட்டார். நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. நாலு பேர் குரல் தெரிந்த எனக்கு அந்த ஒரு சொல் வரவில்லை. கோழை, வேறென்ன.

மாலையில் அம்மா பேசினாள். "கண்ணே தொறக்க முடியலடா. எங்கியோ இழுத்துக்கினு போற மாதிரி இருந்துது. அவன் பேசிக்கினே வந்தான். அம்மா அம்மான்னு. ஆட்டோல உக்காந்தும் நிறுத்தல. அந்தக் கொரலப் புடிச்சிக்கினுதான் கெடந்தேன்." கொஞ்சம் தண்ணீர் கேட்டாள். குடித்துவிட்டுச் சொன்னாள், "மொதல்ல நீன்னுதான் நெனச்சேன். சாவப்போற நேரத்துலகூட இவன் அந்தாளு மாதிரி பேசி வெளையாடுறானேன்னு கோவம் கோவமா வந்துது."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "நானுந்தான் அன்னிக்கு சிரிச்சேன். உன்ன மட்டும் சொல்ல முடியாது" என்றாள். கட்டிலின் கம்பியைப் பிடித்திருந்த என் கையை அவள் தொடவில்லை.

எங்கள் அலுவலகத்தில் மேடை நகைச்சுவையில் பித்துப் பிடித்தவர்கள் சிலர் உண்டு. இன்னொரு இனத்தாரை வைத்துச் செய்யும் நகைச்சுவையில் எதுவரை போகலாம் என்று மதியச் சாப்பாட்டில் வாதம் நடக்கும். அவரவர் சொந்தச் சாதிசனத்தைக் கிண்டல் செய்யலாம் என்பார் ஒருவர், மனசில் வெறுப்பு இல்லையென்றால் எல்லாம் செல்லும் என்பார் இன்னொருவர். எனக்குக் கேட்காரர்மேல் வெறுப்பு இருந்ததில்லை. பிரியம்தான் இருந்தது. அதே அலுவலகத்தில் ஒருமுறை கரண்ட் போனபோது மேலாளர் என்னிடம், பல்லைக் காட்டு, நீ எங்கே இருக்கிறாய் என்று தெரியட்டும் என்றார். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் நான். ஏன் சிரித்தேன் என்று எனக்குத் தெரியும். மறுநாளும் அதே ஆளிடம் வேலை பார்க்க வேண்டும். இவ்வளவு தெரிந்தவன்தான், நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தவர் சிரித்ததைப் பார்த்து நிம்மதியாகச் சாப்பிட்டான். வாதம் செய்பவர்களிடம் இப்போது எனக்குச் சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. ஒரு மனிதர் ஆபத்தென்று கூப்பிட்டால் நாலு பேர் ஓடி வர வேண்டும். அவர் கூப்பிட்டால் சிரிக்கும்படி நான் செய்து வைத்திருந்தேன்.

அம்மா விழுந்த மறுநாள் காலை மன்னிப்புக் கேட்பதென்று முடிவு செய்தேன். போன் எடுத்தது நான்தான் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும். குளியலறையில் ஒத்திகை பார்த்தேன். வாயைத் திறந்தால் அவர் குரல் வந்தது. தண்ணீர் குடித்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, அம்மாவின் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். அதிலும் அவர்தான் இருந்தார். என் சொந்தக் குரல் எப்படி இருக்கும் என்று யோசிக்க வேண்டியிருந்தது. மனைவி வெளியிலிருந்து, "உள்ள யாரோட பேசுறீங்க?" என்று கேட்டாள்.

பத்து மணிக்கு இறங்கிப் போனேன். கேட்டில் அவர் மட்டும் இருந்தார். தோளில் இருந்த கறை துவைத்தும் முழுதாகப் போயிருக்கவில்லை. என்னைப் பார்த்து எழுந்து நின்றார்.

"அண்ணா" என்றேன். "நேத்து போன், நான். நான் எடுத்தது. நான் தப்பு. ரொம்ப பெரிய தப்பு. நீங்க கோவம் வேணாம், ஓகே?"

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் அது விழுந்தது. ஊருக்குப் புதிதான ஆளிடம் பேசும்போது நாங்கள் எல்லாரும் இப்படித்தான் பேசுவோம், நல்ல தமிழைத் துண்டு துண்டாக உடைத்து, சத்தத்தைக் கூட்டி, கையை ஆட்டி. புரியட்டும் என்று செய்வதுதான். அவரிடம் நான் இத்தனை மாதமாக வேறு மாதிரி பேசியதே இல்லை. இப்போது கேட்டால் அது மேடையில் செய்த எட்டு நிமிடத்தின் அதே பேச்சாக இருந்தது.

"இல்ல, இல்லண்ணா, இது நிஜமா" என்று அவசரமாகச் சொன்னேன். அதுவும் அப்படியே வந்தது.

அவர் கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்தார். பிறகு மெல்லச் சிரித்தார். சிரித்தபடியே என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். நிறுத்தியிருந்த கார்களை, தூண்களை, ஒவ்வொரு பால்கனியாக மேலே ஏழாம் மாடி வரை. யார் வீடியோ எடுக்கிறார்கள் என்று தேடிக்கொண்டே தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.