மாடியில் நிழல் அளந்த நாள்

கணபதிப் பகுதியில் நாங்கள் மூன்று குடும்பங்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல், மதம் எதையும் கலக்காமல், வீடு மாற்றி வீடு பாடம் நடத்தினோம். பள்ளியில் பெயர் கூப்பிடும் வழக்கமே எங்களுக்குப் பிடிக்காது.

ஒரு சித்திரை மாதக் காலை வெயிலில், சரோஜா வீட்டு மொட்டை மாடியில் பிள்ளைகள் நிழல் அளந்தார்கள். எல்லாரும் இறங்கிவிட்டதாக நினைத்து, மாடிக்கதவைத் தாழிட்டுவிட்டு சரோஜா ஈரோட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

மாலையில் என் மகள் கயலை அழைத்துவர, அடுத்த பாடம் நடக்கும் மேரி வீட்டுக்குப் போனேன்.

“ஏனுங்க, கயலு சரோஜா ஊட்லயே இருக்கறான்னு நெனச்சுப்போட்டேனுங்க” என்றார் மேரி.

ஓடினேன். சரோஜா வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து லேத் பட்டறை இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. நிறுத்தச் சொன்னேன். மேலே கதவை யாரோ மெல்லத் தட்டினார்கள்.

ஏணி வைத்து இறக்கினோம். “காத்தால இருந்து தட்டறேன்மா” என்றாள் கயல், குரலே எழும்பாமல்.

இப்போது ஒவ்வொரு பாடத்துக்கு முன்னும் பின்னும் பெயர் கூப்பிடுகிறோம். கயல் மட்டும் ஒவ்வொரு முறையும் இரண்டு தடவை “உள்ளேன்” என்கிறாள்.