சிவப்புப் பூ வந்த நாள்

அம்மனை நம்பி இருக்கும் என் உறவுகளே, எனக்கு நடந்ததை உங்களிடம் சொல்லாமல் வைத்துக்கொள்ள மனம் வரவில்லை.

என் முதல் பிள்ளை ஆறாம் மாதமே பிறந்து, அன்றைக்கே போய்விட்டான். பெரிய வலிகூட இல்லை. காட்டிலிருந்து வந்து உட்கார்ந்தேன், அவ்வளவுதான். ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். என் நடை சரியில்லை என்று முதலில் சொன்னவர் என் மாமியாரான அத்தைதான். எல்லாக் காரணமும் என் தலையில் வந்து விழுந்தது. நானும் அதை நம்பிவிட்டேன்.

மறுபடி உண்டானபோது எங்கள் மலையில் அரியூர் நாட்டில் இருக்கும் அம்மனிடம் அழுதேன். இந்தப் பிள்ளையை நிறுத்திக் கொடு, ஐந்தாம் மாதம் புதுச் சாமை அரிசியை என் தலையில் சுமந்து படியேறிப் பொங்கல் வைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன்.

அந்த ஐந்தாம் மாதம் ஸ்கேனுக்கு மலையிறங்கினோம். பிள்ளைக்கு எல்லாம் நன்றாக இருந்தது. எழுந்து கிளம்பப் பார்த்தேன், டாக்டரம்மா விடவில்லை. முதல் பிள்ளையைப் பற்றிக் கேட்டவர், கருப்பை வாயின் நீளத்தையும் அளக்க வேண்டும், அது உள்ளே வைத்துப் பார்க்கும் ஸ்கேன் என்றார். கூச்சம் பிடுங்கித் தின்றது. கண்ணை மூடி அம்மனை நினைத்துக்கொண்டு படுத்தேன்.

"பிள்ளை நல்லாத்தான் இருக்குதுங்க. அதைத் தாங்குற வாய்தான் சின்னதாகிட்டு வருது. இப்படியே விட்டா இதுவும் முன்னாடியே பொறந்துரும். மூட்டை வாயைத் தைக்கிற மாதிரி ஒரு தையல் போட்டுரலாம்" என்றார்.

தையல் போட்டார்கள். பாரம் தூக்காதே, படி ஏறாதே, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இரு என்றார்கள். மலைக்குக் கீழே முள்ளுக்குறிச்சியில் அக்கா வீட்டில் தங்கினேன். தையல்கூடப் பயமாக இல்லை, வேண்டுதல்தான் பயமாக இருந்தது. சுமந்தால் பிள்ளை தங்காது. சுமக்காவிட்டால் அம்மன் கொடுத்ததை எடுத்துக்கொள்வாளோ?

வேண்டுதலைத் தள்ளிப்போடலாமா என்று கோயிலில் பூக் கேட்கும்படி வீட்டுக்காரரிடம் சொன்னேன். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியே இலையில் மடித்து அம்மன் முன்னால் வைத்து ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் கூடாது. சிவப்பு வந்துவிட்டது என்று அவர் போனில் சொன்னார். தாயே, நீயே ஒரு வழி காட்டு என்று மட்டும் கேட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அத்தையே கூப்பிட்டார். "நாமதான் தப்பாக் கேட்டுட்டோம் கண்ணு. தள்ளிப்போடலாமான்னு கேட்டா சாமி எப்படி ஒத்துக்கும்? உனக்குப் பதிலா நான் சுமக்கட்டுமான்னு கேட்டேன். வெள்ளை வந்துருச்சு."

முட்டி வலி என்று காட்டுக்கே வராதவர், சாமை மூட்டையைத் தலையில் வைத்துப் படியேறினார். வழியில் நாலு தடவை உட்கார்ந்தாராம். இறக்கி மட்டும் வைக்கவில்லையாம்.

பொங்கலைத் தூக்குவாளியில் போட்டு எடுத்துக்கொண்டு முள்ளுக்குறிச்சிக்கு வந்தார். ஊட்டிவிட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னார். "மொதப் பிள்ளைக்கும் உம் மேல தப்பில்ல கண்ணு. உள்ள இப்படி இருந்தது யாருக்குத் தெரியும்."

அடுத்த ஸ்கேனில் தையல் அப்படியே தாங்கி நின்றது. ஒன்பதாம் மாதம் அதைப் பிரித்தார்கள். மகள் பிறந்தாள். இப்போது வீடெல்லாம் ஓடி அத்தையை ஒரு இடத்தில் உட்கார விடுவதில்லை.

குறைமாதத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த தங்கச்சிகளே, அம்மனிடம் கேளுங்கள், அவள் கைவிட மாட்டாள். கேட்டுக்கொண்டே மலையிறங்கிப் போய், கருப்பை வாயையும் அளக்கச் சொல்லுங்கள். அந்த ஸ்கேனையும் அவள்தான் எனக்குக் காட்டினாள் என்று நம்புகிறேன்.

நான் அவளிடம் கேட்டது ஒரு பிள்ளைதான். என் மேல் தப்பில்லை என்ற அந்தச் சொல்லை நான் கேட்கவே இல்லை. அதையும் சேர்த்துக் கொடுத்தாள்.