குந்தியிருந்த தோட்டத்தில் ஒரு கதிரை

பிரான்சின் தென்மேற்கு மூலையில் ஒரு வருடம் முழுக்கச் சுற்றியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில், வன்னியில், தர்மபுரத்தில், எங்கள் முற்றத்து வேம்பின் கீழே கதிரை போட்டு இருந்தபடி. கைபேசிக்கு அந்த இடத்தில்தான் சிக்னல் ஒழுங்காக வரும்.

மறுமுனையில் என் பள்ளிக்கூடத்து நண்பன். புளியங்குளத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் நாங்கள். மீசை முளைக்கும் வயதில் அவன் கடல் கடந்தான், நான் கடக்கவில்லை. இடையில் யுத்தத்தால் பல வருடங்கள் ஒருவர் குரலை ஒருவர் கேட்க வழியிருக்கவில்லை. இப்போது அவனுக்குப் பாரிசில் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை. எனக்கு இங்கே மழையை நம்பிய கொஞ்ச வயலும், யாரும் கேட்காமலே நான் எழுதி வைக்கும் சில பக்கங்களும்.

யோசனை அவனுடையது.

"மச்சான், நீ ஒருக்கா வா. பாரிஸ் பாக்க இல்லை. உந்தக் கோபுரம் படத்தில பாத்தது போதும். காரில ஏத்திக்கொண்டு போர்தோப் பக்கம் போறன். ஒரு கிழமை. வைன் தோட்டம் தோட்டமா. குடிக்கிறம், சாப்பிடுறம், படுக்கிறம், எழும்பித் திரும்பக் குடிக்கிறம்."

பக்கத்தில் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்த மனைவிக்கும் அது கேட்டது.

"தவறணை தவறணையாப் போறதுக்கு விசா எடுக்கிற ஆக்களை இப்பதான் பாக்கிறன்."

"தங்கச்சி, இது கள்ளுக் கொட்டில் இல்லை. கல்லாலை கட்டின மாளிகையள். வாசலில ரோசாச் செடி."

"அப்ப விழுந்து கிடக்கவும் இடம் வடிவாத்தான் இருக்கும், அண்ணை."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பில் பயணம் தொடங்கிவிட்டது என்றே நினைக்கிறேன்.

ஏன் போர்தோ என்பதை அவன் வேறொரு ஞாயிறில் சொன்னான். பேப்பர் இல்லாமல் போய் இறங்கிய காலத்தில் அவனுக்குக் கிடைத்த முதல் வேலை அங்கே ஒரு தோட்டத்தில் முந்திரிகை வெட்டுவது. திராட்சையை எங்கள் பக்கம் முந்திரிகை என்போம். கொடிகள் இடுப்பளவு உயரம், குலைகள் முழங்காலடியில். மற்றவர்கள் குனிந்து வெட்டி நாரியைப் பிடித்துக்கொண்டு நிமிர்வார்களாம். இவன் குந்தியிருந்து, தாரா வாத்து மாதிரித் தத்தித் தத்தி, வரிசை வரிசையாக முடித்துவிடுவானாம்.

"வெள்ளையளுக்குக் குந்தத் தெரியாது மச்சான். என்னைப் பாக்க எண்டே வந்து நிப்பாங்கள்."

வெட்டு முடிகிற நாளில் அங்கே முற்றத்து மரங்களின் கீழே நீள மேசை போட்டு, வேலை செய்த எல்லாருக்கும் விருந்து. அந்தத் தோட்டத்து வைனைத் தோட்டக்காரரே வார்த்துக் கொடுப்பார். ஆனால் ஊர் கூடுகிற இடத்தில் பொலிஸ் வரலாம் என்று, பேப்பர் இல்லாதவர்களை முதல் நாளே அனுப்பிவிடுவார்கள்.

"லொறியில இருந்து கதிரையள் இறக்கிறதைக் கண்டனான். அவ்வளவுதான்."

இப்போது அதே விருந்துக்கு வெளி ஆட்களையும் சேர்க்கிறார்களாம். முன்கூட்டிச் சொல்லி மேசையில் இடம் பிடிக்கவேண்டும்.

"நான் குந்தியிருந்த இடத்தில கதிரையில இருந்து சாப்பிடவேணும். பக்கத்தில நீ இருக்கவேணும். என்ர மனிசி சபைக்குப் போறவா, போத்திலைக் கண்டாலே செபம் தொடங்கியிடுவா. பிள்ளையளுக்கு இது அப்பான்ர பழைய கதை. குந்திறது எண்டால் என்னெண்டும் அதுகளுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்."

அதற்கு நான் என்ன மறுமொழி சொன்னேன் என்பது நினைவில்லை. ஏதோ பகிடிதான் விட்டிருப்பேன்.

பிறகு திட்டம் வளர்ந்தது. புழுதி வயலைப் பார்த்தபடி நான் ஆறுகளைக் கடந்தேன். முதல் நாள் கடற்கரை. அங்கே சிப்பியைப் பச்சையாகத் திறந்து, தேசிக்காய் பிழிந்து, உயிரோடு விழுங்குவார்கள் என்றான். மனைவி நாயாற்றுக் கடற்கரைப் பக்கத்துப் பிள்ளை, மட்டி பொறுக்கி வளர்ந்தவள். "அவிக்க விறகில்லையோ அங்க?" என்று கேட்டாள். இரண்டாம் நாள் தாராக் கால், அதன் கொழுப்பிலேயே ஊற வைத்துப் பொரித்தது. மூன்றாம் நாள், ஒரு குகைக்குள் பழுக்க வைத்த பாற்கட்டி. "மணம் எப்பிடி?" என்றேன். "உங்கட வீட்டுக் கருவாட்டுச் சட்டியை மழையில விட்டமாதிரி. ஆனால் வாயில வைச்சா விடமாட்டாய்." மழைக்குப் பிந்திய மண் மணக்கிற சிவப்பு வைன் ஒன்று இருக்கிறதென்றான். எங்கள் மண்ணா அவர்கள் மண்ணா என்று கேட்டேன். "நீ வந்து சொல்லு" என்றான்.

சில தோட்டங்களில் வைனை வாயில் வைத்து அலசிவிட்டுத் துப்பவேண்டுமாம். அதற்கென்று வாளி வைத்திருப்பார்களாம்.

"குடிக்கிற சாமானைத் துப்பவோ இவ்வளவு தூரம் போறியள்?" மனைவிக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.

"எல்லாத்தையும் விழுங்கினால் பின்னேரம் கார் ஆர் ஓடுறது, தங்கச்சி?"

"துப்பிறது எண்டால் இவர் இஞ்சயே துப்பலாம். வேலியோரம் இருக்கு."

ஒவ்வொரு ஞாயிறும் ஏதோ ஒன்று கூடியது, ஏதோ ஒன்று இடம் மாறியது. கடலை நான் கடைசி நாளுக்குத் தள்ளினேன். அவன் திரும்ப முன்னுக்கு இழுத்தான். தெருக்களின் பெயரை என் நாக்கு தமிழாக்கிக்கொண்டது. கதை முடிந்து குசினிக்குள் போனால் இடியப்பமும் சொதியும் இருக்கும், எனக்குப் பசி இருக்காது. அப்போதே யோசித்திருக்க வேண்டும். நான் அந்தப் பயணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தேன். அவன் அதை எனக்காக வைத்துக்கொண்டிருந்தான்.

இடையில் கொழும்புக்குப் போய் விசாவுக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். அவன் எழுதிய அழைப்பு, என் வயல் உறுதிப் பத்திரம், கைரேகை எல்லாம்.

ஒரே ஒரு சிக்கல் இருந்தது. அங்கே முந்திரிகை வெட்டு முடிவது புரட்டாதியில். எங்களுக்குப் புரட்டாதி புழுதி விதைப்பு. மழை இறங்குமுன் காய்ந்த மண்ணில் நெல்லை எறிந்துவிட வேண்டும். பிந்தினால் அந்தப் போகம் போச்சு. மனைவி சொல்லிவிட்டாள்: "விதைப்பை நான் பாப்பன். ட்ராக்டர்காரனோட கதைக்க எனக்கு வாயில்லையோ? நீங்கள் போயிட்டு வாங்கோ." தடை என்று ஒன்று இருக்கவில்லை.

ஆவணியில் ஒரு ஞாயிறு அவன் கேட்டான்.

"என்ன மச்சான், புரட்டாதிக் கடைசி சரிதானே? மேசைக்குச் சொல்லப் போறன். சொன்னால் மாத்தேலாது."

"பாப்பம்," என்றேன்.

எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று வெளியாருக்கு விளக்குவது கடினம். கலியாண வீட்டுக்கு உடுத்து வெளிக்கிட்டு நிற்பவனிடம் போகிறாயா என்று கேட்டாலும் "பாப்பம்" என்பான். பெட்டி கட்டி, பஸ் ஏறி, இறங்குகிற இடம் கண்ணில் படும்வரை இங்கே யாரும் எதையும் உறுதியாகச் சொல்வதில்லை. எத்தனை முறை கட்டிய பெட்டியை நடுவழியில் போட்டுவிட்டு நடந்த சனம் நாங்கள். "ஓம்" என்று வாய் திறந்தால் எதுவோ கேட்டுக்கொண்டிருந்து கெடுத்துவிடும் என்ற பயம். என் பாப்பத்துக்குள்ளே ஓம் இருந்தது. அவனும் வன்னியான்தானே, அவனுக்குத் தெரியும் என்றிருந்தேன்.

"ம்," என்றான். பிறகு வேறு கதை கதைத்தான். அடுத்த இரண்டு ஞாயிறும் வேலை என்று எடுக்கவில்லை.

விசா வந்த செய்தி கிடைத்த அன்று ஞாயிறுவரை பொறுக்க முடியவில்லை. நானே எடுத்தேன். குசினி இரைச்சலுக்குள் அவன் குரல் கேட்டது.

"மச்சான், வாறன்," என்றேன்.

"சரி மச்சான், பேந்து எடு," என்று வைத்துவிட்டான்.

அழைப்பை முடிக்கும்போதும் நாங்கள் "வாறன்" என்றுதான் சொல்வோம். நான் தனியே நின்று சிரித்தேன். திரும்ப எடுத்து, "டேய், உண்மையா வாறன். விசா கிடைச்சிட்டுது. மேசைக்குச் சொன்னனிதானே?" என்றேன்.

சட்டிகளின் சத்தம் மெல்லக் குறைந்தது. வெளியே வந்துவிட்டான் போல.

"நீ பாப்பம் எண்டு சொன்னனி."

"ஓம், சொன்னனான்."

"இஞ்ச பாப்பம் எண்டு ஒருத்தன் சொன்னால் இல்லை எண்டுதான் மச்சான். முகத்துக்கு நேர சொல்ல மனமில்லாமச் சொல்லுறது. இத்தனை வருசத்தில நானும் அப்பிடித்தான் கேட்கப் பழகிட்டன் போல. லீவை வேற ஒருத்தனுக்குக் குடுத்திட்டன். மேசைக்கும் சொல்லேல்லை. இந்த முறை வெய்யில் கூட, வெட்டும் வெள்ளனவே முடிஞ்சுது."

"அப்ப அடுத்த வருசம்."

"அடுத்த வருசம் தோட்டம் இல்லை. வைன் முந்தின மாதிரிப் போகுதில்லை எண்டு அந்தப் பக்கமெல்லாம் கொடியைப் பிடுங்கிறாங்கள். உந்தத் தோட்டத்தையும் பிடுங்கப் போயினம். இதுதான் கடைசி வெட்டு."

"இதை ஏன்டா முதலே சொல்லேல்லை?"

"சொன்னால் எனக்காக வந்திருப்பாய். உனக்கே வர விருப்பமாயிருக்க வேணும் எண்டு நினைச்சன்."

வா, பாரிசிலாவது நின்றுவிட்டுப் போ என்று பிறகு அவன் சொன்னான். லீவில்லாதவன் வீட்டில் போய் நான் எதைப் பார்ப்பது? அந்தப் புரட்டாதியில் விதைப்பை நானே பார்த்தேன். புழுதி வாய்க்குள் போனது. நெல் மணிகள் கையை விட்டுப் போகும் சத்தம் அவ்வளவு பெரிதென்று முன்பு கவனித்ததில்லை.

மாசியில் அவன் வந்தான். தலை முழுக்க நரை. உடுக்கிற சாரத்தில் சுற்றி ஒரு போத்தில் கொண்டு வந்திருந்தான், அந்தத் தோட்டத்து வைன். வெட்டு முடிந்திருந்த எங்கள் வயலுக்குப் போனோம். மனைவி பாரை மீன் பொரித்துக் கொண்டுவந்தாள். அப்போதுதான் போத்திலின் தக்கையைத் திருகி எடுக்க எங்களிடம் எதுவும் இல்லை என்பது தெரிந்தது. ஒரு வருடமாகத் திட்டம் போட்டவர்கள் இருவரும் அதை யோசிக்கவில்லை. கடைசியில் அகப்பைக் காம்பால் தக்கையை உள்ளே தள்ளினோம். உடைந்து உள்ளே போனது. எவர்சில்வர் பேணிகளில் வார்த்தோம்.

அவன் வரம்பில் குந்தினான். மனைவி வீட்டிலிருந்து ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"இருங்கோ அண்ணை."

"வேண்டாம் தங்கச்சி. இஞ்ச குந்தினாத்தான் சரி."

நானும் குந்தினேன். கதிரை வெட்டிய நெல்லின் அடிக்கட்டைகளுக்குள் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது.

"வேற தோட்டங்கள் இருக்குதானே," என்றேன். "அடுத்த புரட்டாதி போவம். ஓம் எண்டே சொல்லுறன். கட்டாயம் வருவன்."

அவன் பேணியைச் சுழற்றி உள்ளே பார்த்தான்.

"இருக்கு மச்சான், கனக்க இருக்கு. ஆனால் அங்க நான் குந்தேல்லை."

பிறகு, "மண் மணக்குதோ?" என்று கேட்டான்.

ஒரு மிடறு எடுத்தேன். மீனின் உப்பு நாக்கில் இருந்தது. அதற்கப்பால் ஏதோ இருந்தது, தேடுவதற்குள் தக்கைத் துண்டு ஒன்று பல்லில் பட்டது. முகத்தைத் திருப்பி வயலுக்குள் துப்பினேன்.