கன்னியம்மாளின் காலி உண்டியல்கள்

பிள்ளைச்சாவடிக் கன்னியம்மாளிடம் நாற்பத்து மூன்று உண்டியல்கள் இருந்தன. ஒன்றில்கூடக் காசு கிடையாது. இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் அந்தக் குப்பத்தில் இல்லை. சிரித்துவிட்டுப் போகட்டும். விடிந்ததும் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு பாண்டிச்சேரி டவுனுக்குள் போய், வெயில் ஏறும்வரை தெருத்தெருவாக மீன் விற்று வருகிறவள். தன் உழைப்பில் தனக்குப் பிடித்ததை வாங்கி வைத்தாள், அவ்வளவுதான்.

எல்லாம் தொடங்கியது எழுபத்து நான்கில், துய்மா வீதியில் இருந்த ஒரு சொல்தா வீட்டில். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவரின் வீடு அது. அந்த வீட்டு மதாம், பிள்ளைகளோடு பாரீசுக்கே போய்விடுவதற்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். கழித்துப் போட்ட சாமான்களுக்கு நடுவே ஒரு தகர வீடு கிடந்தது. சிவப்புக் கூரை, மஞ்சள் சுவர், நீல ஜன்னல், ஜன்னலில் ஒரு பூனை. கூரையில் காசு போட அகலமான துளை. அடியில் ஒரு சின்னப் பூட்டு. சாவி தொலைந்து வருஷக்கணக்காகிவிட்டதாம்.

"மதாம், வஞ்சிரத்துக்குக் காசு வாணாம். அந்த டப்பாவக் குடுத்துடுங்க."

"அதுல ஒண்ணுமே இல்ல கன்னியம்மா, காலி."

"தெரியுதுங்க. அழகா இருக்குதுல்ல?"

புருஷன் ஆதிமூலம், "வஞ்சிரம் இன்னா விலை போச்சு?" என்று கேட்டபோது தகர வீட்டைக் காட்டினாள். அன்று முழுக்க முணுமுணுத்துக்கொண்டே இருந்தான். ஆனால் மறுநாள் கடலுக்குப் போகுமுன் அதைக் கையில் எடுத்து, பூனையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் போனான்.

அதற்கப்புறம் அவள் கண் டவுனில் வேறெதையும் தேடவில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்காரர்கள் அவளுக்கென்றே எடுத்து வைத்தார்கள். உலகப் படம் போட்ட தகர உருண்டை. ரேடியோ மாதிரியே ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் பெட்டி. குமிழைத் திருப்பினால் டிக் டிக்கென்று சத்தம் வரும். பச்சை ஆப்பிள். ரோஜா நிற யானை. மூடியிலேயே துளை வைத்த மிட்டாய் டப்பா. எதிலும் காசு போடமாட்டாள். துளையோரம் பெயிண்ட் உரசிப் போய்விடும் என்பாள். நாளெல்லாம் செதிலையும் சேற்றையும் பார்த்த கண்ணுக்குச் சாயந்திரம் அவற்றை அடுக்கிய சுவர்ப் பலகையைப் பார்த்தால்தான் குளிர்ச்சி. வெள்ளிக்கிழமைதோறும் மகள் அமிர்தவல்லி எல்லாவற்றையும் துடைத்து அடுக்குவாள்.

எண்பத்து மூன்றில் அமிர்தவல்லிக்கு ஓர் இடம் வந்தது. தவளக்குப்பம் தாண்டி நல்லவாட்டில் இருக்கும் குஞ்சம்மாளின் மகன் பலராமன். பெரிய மார்க்கெட்டில் ஐஸ் உடைத்து மீன் கூடைகளில் போடுகிற வேலை. கன்னியம்மாளுக்குத் தெரிந்த பையன்தான். இவள் கூடைக்கு மட்டும் ஐஸ் கொஞ்சம் கூடவே விழும். மகளும் உடன் வருகிற நாளில் கூடை நிரம்பிவிடும். எல்லாம் தன் முகராசி என்று நினைத்துக்கொண்டிருந்தாள் அந்தப் புத்திசாலி.

பெண் பார்க்க வருகிற அன்று ஆதிமூலம் சொன்னான்: "அதுங்கள எடுத்துக் கட்டிலுக்கு அடியில தள்ளு புள்ள."

"ஏன்யா, அதுங்க இன்னா திருடனதா?"

குஞ்சம்மாள் மகனோடு வந்து உட்கார்ந்தாள். கையில் கொடுத்த கலர் சோடா பாட்டிலை வாயில் வைக்குமுன் பலகை கண்ணில் பட்டது.

"இதெல்லாம் இன்னா?"

"உண்டியல் அண்ணி. நாப்பத்து மூணு!" கன்னியம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை.

குஞ்சம்மாள் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டாள். அந்தக் கரையில் யாரும் அழகுக்கு உண்டியல் வைப்பதில்லை. ஒரு கஷ்டம் வந்தால் ஒரு சாமி, ஒரு சாமிக்கு ஓர் உண்டியல். அதைக் கோயிலில் செலுத்தாமல் வீட்டில் நல்ல காரியம் பேசமாட்டார்கள்.

"ஒரு பொண்ணுக்காவ நாப்பத்து மூணு சாமிகிட்ட வேண்டிக்கினு இருக்கீங்க. ஒண்ணும் செலுத்தல. அப்பிடி இன்னாம்மா பொண்ணுக்குக் கொறை? எழுந்திருடா பலராமா."

மகள் வாழ்க்கையைத் தன் கையாலேயே கெடுத்துவிட்டோமே என்று கன்னியம்மாள் குறுக்கே வந்து வழியை மறித்தாள். "ஐயோ, வேண்டுதலே இல்ல அண்ணி! எல்லாம் காலி. நெறத்துக்காவ வாங்கனது."

"நெறத்துக்காவ எவளாவது உண்டியல் வாங்குவாளா?"

நியாயமான கேள்விதான். பதிலுக்கு அவள் யானையை எடுத்துக் குஞ்சம்மாள் காதருகே ஆட்டினாள். சத்தமில்லை. ஆப்பிளை ஆட்டினாள். அதுவும் இல்லை. வாசலில் கூடிய பெண்கள் உரக்க எண்ண ஆரம்பித்தார்கள். இருபதைத் தாண்டியதும் குஞ்சம்மாளே வாங்கி ஆட்டினாள். ரேடியோக் குமிழை இரண்டு முறை திருப்பிப் பார்த்தாள். அது தேவையே இல்லை.

கடைசியாகத் தகர வீடு. ஆட்டியதும் உள்ளே 'டொக்' என்றது.

வாசலில் எண்ணிக்கை நாற்பத்திரண்டோடு நின்றது. "எனக்கே தெரியாது அண்ணி, சத்தியமா" என்றாள் கன்னியம்மாள். சாவியும் இல்லை. ஒன்பது வருஷமாக ஒரு கீறல் படாமல் வைத்திருந்தாள். உள்ளே போய் மீன் வெட்டுகிற கத்தியை எடுத்து வந்தாள்.

"எம்மா, வாணாம்மா!" அமிர்தவல்லி ஓடிவந்தாள்.

"டப்பா போனாப் போவுது. எனக்கு நீதான்டி முக்கியம்."

நெம்பியதில் பூட்டோடு நீல ஜன்னலின் ஓரமும் பிய்ந்து வளைந்தது. உள்ளேயிருந்து விழுந்தது ஒரு மஞ்சள் துணி முடிச்சு.

"வேண்டுதலேதான்" என்று குஞ்சம்மாள் எழுந்தாள். "யாரு முடிஞ்சது?"

"நான்தாங்க அத்தை" என்றாள் அமிர்தவல்லி. கண்ணில் நீர் முட்டிக்கொண்டிருந்தது. "ஐஸ்காரரு வூட்லேர்ந்து பொண்ணு கேட்டு வரணும்னு, தை மாசத்துல காசு முடிஞ்சி போட்டேன்."

குஞ்சம்மாள் மெதுவாக மகன் பக்கம் திரும்பினாள். அவன் காதெல்லாம் சிவந்திருந்தது.

"ஏண்டா, நீயும் எங்கனா முடிஞ்சி வெச்சிருக்கியா?"

பலராமன் பிடரியைச் சொறிந்தான். "மயிலம் கோயிலுக்கும்மா."

குஞ்சம்மாள் உட்கார்ந்தாள். சூடேறிப்போன கலரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள். "தாலி கட்டறதுக்கு முன்னாடி ரெண்டையும் செலுத்திடணும், சொல்லிட்டேன்" என்றவளுக்கு அதற்குமேல் சிரிப்பை அடக்க முடியவில்லை. வாசலே சேர்ந்து சிரித்தது.

வைகாசியில் கல்யாணம் முடிந்து மகள் நல்லவாட்டுக்குக் கிளம்பும்போது, டிரங்குப் பெட்டியில் சேலைகளின் மேல் கன்னியம்மாள் அந்தத் தகர வீட்டை வைத்தாள். பூனை மட்டும் பழையபடி இருந்தது.

"ஆத்தாகிட்ட சொல்லாம இதுகிட்டப் போயி சொல்லிக்கிறியே" என்றாள். "இதுக்கு இனிமே பூட்டு கெடையாது. இன்னா வேணும்னாலும் நேரா எங்கிட்ட வந்து சொல்லு."